விஷம் இருந்தது காபியில்

புதன்கிழமை மதியத் தபாலில் ஆல்பினா வோந்த்ராவுக்கு ஒரு வீடியோ கேசட் வந்தது. அனுப்பியவர்கள் கலிபோர்னியாவில் இருக்கும் படக் கம்பெனிக்காரர்கள். கேசட்டின் முதுகில் ஒட்டிய தாளில் 'விருந்தில் விஷம்: ஆல்பினா வோந்த்ராவின் கதை' என்று அச்சடித்திருந்தது. ஐம்பத்தெட்டு வயதில் அவள் தன் பெயரை அச்சில் பார்த்தது மிஞ்சிப் போனால் நான்கைந்து தடவை இருக்கும். அதில் ஒன்று கோர்ட்டு சம்மன்.

கேசட் போட்டுப் பார்க்கும் பெட்டி அவள் வீட்டில் கிடையாது. மீரோவ் ஊரில் எப்போதும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்த ஒரே பெட்டி அவள் தோழி லவெர்னின் அழகு நிலையத்தில் இருந்தது. தலையைக் காய வைத்தபடி உட்கார்ந்திருக்கும் பெண்கள் பேச்சு தீர்ந்து போனால் பார்ப்பதற்கென்று வாங்கிப் போட்டிருந்தாள். இதுவரை யாருக்கும் பேச்சு தீர்ந்ததில்லை. புதன்கிழமை அரைநாள் விடுமுறை என்பதால் கடையின் திரையை இழுத்துவிட்டு, தோழிகள் இருவரும் ஆளுக்கொரு சுழல் நாற்காலியில் உட்கார்ந்தார்கள்.

முதலில் கறுப்புத் திரையில் 'உண்மைச் சம்பவத்தை அடிப்படையாகக் கொண்டது' என்று வந்தது. அடுத்து மீரோவ் வந்தது. மீரோவுக்குப் பின்னால் பனி மூடிய மலைகள் வந்தன.

"இது எந்த ஊரு?" என்றாள் லவெர்ன்.

"நம்ம ஊருதானாம். கீழ 'நெப்ராஸ்கா'ன்னு போட்டிருக்கான் பாரு."

"நம்ம ஊர்ல எங்கடி மலை? ஸ்டூல் மேல ஏறி நின்னா அடுத்த கவுண்ட்டியே தெரியும்."

"கனடாவுல போய் எடுத்தாங்களாம். அங்க மலைய மறைக்க முடியாது போலிருக்கு."

பிறகு ஆல்பினாவாக நடிப்பவள் வந்தாள். முப்பது வயதுகூட இருக்காது. பொன்னிற முடி, கண்ணில் எப்போதும் ஈரம், வீட்டு வேலைக்குப் பட்டு மேல்சட்டை. லவெர்ன் அவளை உச்சந்தலையிலிருந்து பாதம் வரை தொழில்முறையில் அளந்தாள். "முடி சாயம்தான். ஆனா அந்த இடுப்பு இருக்கே, உன் மணிக்கட்டு அளவுதான் இருக்கும்" என்றாள். ஆல்பினாவுக்குச் சிரிப்பு வந்தது. படம் இப்படியே போனால் நன்றாகத்தான் இருக்கும் என்று தோன்றியது.

அவள் இந்தப் படத்துக்குச் சம்மதித்ததற்குக் காரணம் உண்டு. ராய்ஸ் ஹாலிஸ்டர் வழக்கு முடிந்து மூன்று வருஷம் ஆகியும், ஊர் அவளைப் பார்க்கும்போதெல்லாம் தலையை ஒரு பக்கம் சாய்த்துக்கொண்டது. குரலைத் தாழ்த்திக்கொண்டது. 'பாவம் ஆல்பினா' என்பதே ஞானஸ்நானப் பெயர் போல ஆகிவிட்டது. அவள் வந்து நின்றால் கூட்டத்தில் நடந்துகொண்டிருந்த கிண்டல் பட்டென்று நின்றுவிடும். அவளும் ஒரு காலத்தில் வாயாடிதான் என்பதையே எல்லோரும் மறந்துவிட்டார்கள். நாடு முழுக்கக் கதை தெரிந்துவிட்டால் இந்த ஊருக்காவது அலுத்துப் போகும் என்று அவள் கணக்குப் போட்டாள்.

கதை இதுதான். முதல் கணவர் இறந்து ஆறு வருஷம் கழித்து, விதைச் சோளம் விற்க வந்த ராய்ஸை அவள் கல்யாணம் செய்துகொண்டாள். அவன் தினமும் காலையில் காபி போட்டுப் படுக்கைக்கே கொண்டுவந்து கொடுப்பான். அதைச் சொல்லிச் சொல்லியே ஊர்ப் பெண்கள் தங்கள் கணவன்மாரின் உயிரை எடுத்தார்கள். அந்தக் காபி பாத்திரம் கழுவிய தண்ணீர் மாதிரி இருக்கும் என்பது ஆல்பினாவுக்கு மட்டும்தான் தெரியும். ஆசையாகக் கொண்டுவருகிறவனிடம் நன்றாக இல்லை என்று எப்படிச் சொல்வது? மீரோவில் பிறந்த எவளாலும் அதைச் சொல்ல முடியாது. இரண்டு மடக்கு குடித்துவிட்டு, மிச்சத்தை ஜன்னலோரம் இருந்த ஜெரேனியம் தொட்டியில் ஊற்றிவிடுவாள்.

இரண்டு மாதத்தில் மூன்று செடிகள் செத்தன. அவளுக்கும் தலைசுற்றல், குமட்டல் எல்லாம் இருந்தது. அதை வயசுக் கோளாறு என்று விட்டுவிட்டாள். செடிகள் செத்ததைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. மூன்றாவது தொட்டியை மடியில் வைத்துக்கொண்டு கவுண்ட்டி விவசாய அலுவலகத்துக்குப் போனாள். மண்ணைச் சோதித்துப் பார்த்த அதிகாரி தொட்டியைத் திருப்பிக் கொடுக்க வரும்போது ஷெரீஃபையும் கூட்டிக்கொண்டு வந்தார். ராய்ஸ் அவள் பெயரில் எடுத்து வைத்திருந்த ஆயுள் காப்பீடு அப்புறம்தான் வெளியே வந்தது. இப்போது அவன் சிறையில் இருக்கிறான். அங்கே காபியை யார் போடுகிறார்களோ தெரியாது.

படத்தில் காபியே வரவில்லை. அரை மணி நேரம் ஆன பிறகுதான் ஆல்பினா அதைக் கவனித்தாள். படத்து ராய்ஸ் அவளுக்குப் பூ கொடுத்தான், சங்கிலி போட்டான், குதிரையில்கூட ஏற்றினான். ஒரு கோப்பை காபி கொடுக்கவில்லை. ஜெரேனியமும் கண்ணில் படவில்லை.

பிறகு படத்து ஆல்பினா அடுப்பிலிருந்து ஒரு தட்டை எடுத்தாள். தட்டு நிறையக் கொலாச்சி.

நடுவில் குழித்து, கசகசாவையோ பாதாமி என்கிற ஆப்ரிகாட் பழத்தையோ அரைத்து நிரப்பிச் சுடுகிற உள்ளங்கை அகல வட்ட ரொட்டிதான் கொலாச்சி. செக் நாட்டிலிருந்து வந்தவர்கள் குடியேறிய மீரோவில் அது இல்லாமல் கல்யாணமும் கிடையாது, சாவும் கிடையாது. இருபத்தைந்து வருஷமாக அந்த ஊர்க் கல்யாணங்களுக்கெல்லாம் கொலாச்சி சுடுகிறவள் ஆல்பினா. கோர்ட்டு, கேஸ், பத்திரிகைக்காரர்கள் என்று அலைந்த வருஷத்தில்கூட அது நிற்கவில்லை. மாவைப் பிசையும்போது மட்டும் அவள் பாவம் ஆல்பினா இல்லை. சமையலறை வாசலில் வந்து நின்று, "எனக்கு ஆறு டஜன் வேணும், கசகசாவுல கஞ்சத்தனம் பண்ணாத" என்று எவளாவது மிரட்டினால் அவளுக்கு உயிர் திரும்பி வந்த மாதிரி இருக்கும்.

படத்து ராய்ஸ் சுற்றுமுற்றும் பார்த்தான். பையிலிருந்து ஊசியை எடுத்தான். ஒவ்வொரு கொலாச்சியின் நடுவிலும் குத்தி விஷத்தை ஏற்றினான். கேமரா கசகசாவுக்குள் தலையை விட்டுவிடும் போல நெருங்கிப் போனது. கறுப்பாக, பளபளவென்று, புழு நெளிவது போல அது மின்னியது. வயலின்கள் கீச்சிட்டன. ஒரு மஞ்சள் நாய் ஓடி வந்து கீழே விழுந்த கொலாச்சியைத் தின்றது. நான்கு அடி நடந்து, கால்களை விறைத்துக்கொண்டு சாய்ந்தது.

"உனக்கு ஏதுடி நாய்?" என்றாள் லவெர்ன்.

ஆல்பினா எழுந்து போய்ப் பெட்டியை நிறுத்தினாள்.  படம் ஞாயிற்றுக்கிழமை ஒளிபரப்பாகிறது. அதற்கடுத்த சனிக்கிழமை அவளுடைய ஞானமகள் டானெட்டின் கல்யாணம். டானெட்டை ஞானஸ்நானத்தன்று கையில் ஏந்தியவள் ஆல்பினாதான். "உன் கல்யாணத்துக்கு நான்தான் கொலாச்சி போடுவேன்" என்று அந்தப் பச்சைக் குழந்தையின் காதில் சொன்னவள். அறுபது டஜனுக்கு மாவு, வெண்ணெய், கசகசா எல்லாம் வாங்கி வீட்டில் அடுக்கியாகிவிட்டது.

"விஷம் காபியிலதான் இருந்துச்சுன்னு ஊருக்கே தெரியும்" என்றாள் லவெர்ன். "எல்லாரும் கோர்ட்டுல சாப்பாடு கட்டிட்டு வந்து உக்காந்து கேட்டவங்கதான்."

"கேட்டது மூணு வருஷத்துக்கு முன்னாடி. பாக்கப் போறது ஞாயித்துக்கிழமை. இப்ப உன்கிட்ட ஒரு கசகசா கொலாச்சி குடுத்தா வாயில வைப்பியா?"

 "எனக்கு எப்பவுமே பாதாமிதான் புடிக்கும்" என்று லவெர்ன் மென்று முழுங்கினாள்.

மறுநாள் ஆல்பினா கலிபோர்னியாவுக்குப் போன் போட்டாள். மூன்று பேர் மாறி மாறிக் காத்திருக்கச் சொன்ன பிறகு டெரெக் வந்தான். போன வருஷம் அவள் சமையலறை மேஜையில் உட்கார்ந்து பதினான்கு பக்க ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கிப் போன தயாரிப்பாளர் அவன்தான்.

"ஆல்பினா. படம் பாத்தீங்களா? அழுதீங்களா?"

"தம்பி, விஷம் காபியிலதான் இருந்துச்சு."

"தெரியும், தெரியும். ஸ்கிரிப்ட்லயும் காபிதான் இருந்துச்சு. ஆனா பாருங்க, இந்தப் படத்துக்கு விளம்பரம் குடுக்கறதே ஒரு காபிக் கம்பெனி. ரெண்டு மணி நேரம் காபியில விஷம் கலக்கறதக் காட்டிட்டு, நடுவுல வந்து 'எங்க காபி குடிங்க'ன்னு அவங்க எப்படிச் சொல்லுவாங்க? காபிங்கற வார்த்தையே வரக்கூடாதுன்னுட்டாங்க."

"அதுக்கு என் கொலாச்சிதானா கெடச்சுது? சூப்புல போட வேண்டியதுதான."

"சூப்புக் கம்பெனியும் இருக்குங்க" என்றான் டெரெக் வருத்தத்தோடு. "கார்ன்ஃபிளேக்ஸ், ஜூஸ், பிஸ்கட், எல்லாத்துக்கும் கம்பெனி இருக்கு. கொலாச்சிக்கு மட்டும்தான் யாரும் இல்ல. அதுவும் அன்னிக்கு நான் உங்க வீட்டுல ஏழு சாப்பிட்டேனே, ஞாபகம் இருக்கா? அந்த ருசிய மறக்கவே முடியல. அதான் எழுதறவர்கிட்டச் சொன்னேன்."

விருந்தாளி வந்தால் தட்டை நிரப்பி வைக்கிற பழக்கத்துக்கு இப்படி ஒரு பலன் உண்டு என்று ஆல்பினாவுக்கு அன்றுதான் தெரிந்தது. நாய் எதற்கு என்று கேட்டாள். செடி செத்தால் ஜனங்கள் அழமாட்டார்கள், நாய் செத்தால் அழுவார்கள் என்றான் அவன். கதையை எப்படி வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம் என்கிற ஒப்பந்தத்தின் ஒன்பதாவது பிரிவையும் நினைவுபடுத்தினான். அதை அவள் அன்றே படித்திருந்தால் அவனுக்கு ஒரு கொலாச்சிகூடக் கொடுத்திருக்க மாட்டாள்.

அழகு நிலையத்துக்குள் போன சேதி எதுவும் அங்கேயே தங்காது. வெள்ளிக்கிழமை காலையில் டானெட்டின் அம்மா ஜார்ஜீன் வந்தாள். கோட்டைக் கழற்றவில்லை. உட்காரவும் இல்லை. சுவரில் அடுக்கியிருந்த மாவு மூட்டைகளைப் பார்த்தாள், ஜன்னலைப் பார்த்தாள், வானிலையைப் பற்றிப் பேசினாள். பிறகு தலையை ஒரு பக்கம் சாய்த்தாள். அதைப் பார்த்ததுமே ஆல்பினாவுக்குப் புரிந்துவிட்டது.

"ஒமாஹாவுல ஒரு கேக் கடை இருக்காம்" என்றாள் ஜார்ஜீன். "மூணு அடுக்கு போடுவாங்களாம். உனக்கும் வேலை மிச்சம். நீ பட்ட பாடெல்லாம் போதாதா?"

"நேராச் சொல்லு ஜார்ஜீன். என் கொலாச்சிய மேஜையில வைக்க உனக்கு யோசனையா இருக்கு."

"எனக்கு இல்ல. நான் உன்ன நம்பாம இல்ல. ஆனா மாப்பிள்ள வீட்டுக்காரங்க பக்கத்து மாநிலம், ஐயோவாக்காரங்க. கோர்ட்டுல நடந்ததெல்லாம் அவங்களுக்குத் தெரியாது. டிவியில பாக்கறதுதான் தெரியும். ஞாயித்துக்கிழமை படம் பாக்க இங்கயே வராங்க. ஆறு நாள் கழிச்சு அதே பண்டத்த அவங்க முன்னாடி எப்படி நீட்டறது?"

ஜார்ஜீன் கெட்டவள் இல்லை. அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. அதுதான் ஆல்பினாவுக்கு அதிகமாக வலித்தது. மூன்று வருஷமாக ஊர் அவளிடமிருந்து ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டது. அக்கறையோடுதான் பிடுங்கிக்கொண்டது. தேவாலயத்தில் பாடும் பொறுப்பை எடுத்துக்கொண்டு, "உனக்குச் சிரமம்" என்றார்கள். சீட்டாட்டக் குழுவிலிருந்து விலக்கி, "உனக்கு மனசு சரியில்லாம இருக்கும்" என்றார்கள். இந்த அடுப்பு ஒன்றுதான் மிச்சம் இருந்தது.

"ஞாயித்துக்கிழமை படம் பாத்துட்டுச் சொல்லு" என்றாள். "அப்பவும் வேண்டாம்னு தோணினா கேக்குக்கே சொல்லிடு. நான் டானெட் கல்யாணத்துல முதல் வரிசையில உக்காந்து கேக் சாப்பிடறேன்."

அவள் போனதும் லவெர்ன் ஓடி வந்தாள். சேதியைப் பரப்பியதற்குப் பிராயச்சித்தமாக, ஊர் கூடிப் படம் பார்க்கப் போகிற செக் மண்டபத்தின் ஆன்டெனாவைக் கழற்றிவிடலாம் என்றாள். ஆல்பினா கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் அடுப்பைப் பற்றவைத்து இருபது டஜன் கொலாச்சி சுட்டாள். பாதாமி இல்லை, செர்ரி இல்லை. இருபது டஜனும் கசகசா.

சாயங்காலம் செக் மண்டபத்தில் ஊரே கூடியிருந்தது. பள்ளிக்கூடத்திலிருந்து பெரிய டிவியை உருட்டிக்கொண்டு வந்து மேடையில் ஏற்றியிருந்தார்கள். ஓரத்து மேஜையில் ஆளாளுக்குக் கொண்டுவந்த பாத்திரங்கள், காபி அண்டா, நடுவே ஆல்பினாவின் ஆறு தட்டுகள். படம் ஆரம்பிக்கும் முன்பு எல்லோரும் வழக்கம்போல ஆளுக்கு இரண்டு கொலாச்சியும் ஒரு காபியும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். முன் வரிசையில் ஜார்ஜீன், டானெட், ஐயோவாவிலிருந்து வந்த மாப்பிள்ளை வீட்டார் ஆறு பேர். மாப்பிள்ளையின் அப்பா கார்ல் லிண்ட்குவிஸ்ட் நெடுநெடுவென்று வளர்ந்த அமைதியான மனிதர். அவருக்குப் பக்கத்தில் எண்பத்திரண்டு வயது லூமிர், மடியில் அக்கார்டியன் வாத்தியத்தோடு உட்கார்ந்திருந்தார். காது மந்தம் என்பதால் ரகசியம் பேசினாலும் கடைசி வரிசை வரை கேட்கும்படிதான் பேசுவார். ஆல்பினா சுவரோரமாக நின்றுகொண்டாள்.

மலைகள் வந்ததும் மண்டபம் ஊளையிட்டது.

"மலை எப்ப வந்துச்சு? என்கிட்ட யாரும் சொல்லலியே" என்றார் லூமிர். எல்லோரும் சிரித்தார்கள். பொன்னிறக் கூந்தல்காரி வந்ததும் ஆண்கள் விசிலடித்தார்கள். சிலர் திரும்பி ஆல்பினாவைப் பார்த்தார்கள். உடனே தப்பு செய்துவிட்டவர்கள் போல முகத்தைத் திருப்பிக்கொண்டு தலையைச் சாய்த்தார்கள்.

ஊசி வந்தது. கசகசா வந்தது. நாய் வந்தது.

 பாதி கடித்த கொலாச்சிகள் பாதி வழியில் நின்றன. ஒருவர் மென்றுகொண்டிருந்ததை நிறுத்தி, விழுங்குவதா வேண்டாமா என்று தெரியாமல் கன்னத்தில் அடக்கி வைத்திருந்தார். மெல்ல மெல்ல, யாருக்கும் தெரியக் கூடாது என்பது போல, தட்டுகள் நாற்காலிகளுக்கு அடியில் போயின. இத்தனைக்கும் அவர்கள் அவளை அறிந்தவர்கள். கோர்ட்டில் உட்கார்ந்து கேட்டவர்கள். மரியாதைக்காக ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. ஜார்ஜீன் தன் தட்டின்மேல் கைக்குட்டையை விரித்தாள்.  தட்டுகளை எடுத்துக்கொண்டு பின்வாசல் வழியாகப் போய்விடலாம் என்று ஆல்பினா இரண்டு அடி எடுத்து வைத்தாள்.

அப்போது நாய் மறைந்தது. விளம்பரம் வந்தது.

காலை வெயில். வெள்ளைத் திரைச்சீலை. படுக்கையில் சோம்பல் முறிக்கும் மனைவி. சட்டைக் கையை மடித்துவிட்ட கணவன் ஆவி பறக்கும் கோப்பையைத் தட்டில் வைத்துப் படுக்கைக்கே கொண்டுவருகிறான். அவள் மோந்து பார்த்துக் கண்ணை மூடுகிறாள். 'உங்கள் அன்புக்குரியவருக்கு, தினமும் காலையில் ஒரு கோப்பை' என்றது ஒரு கனிந்த குரல்.

யாரும் அசையவில்லை. ஆனால் முதல் இரண்டு வரிசைகளில் தோள்கள் குலுங்க ஆரம்பித்தன. லவெர்ன் கைப்பையைக் கடித்துக்கொண்டிருந்தாள். விவசாய அலுவலக அதிகாரி முகம் சிவந்து கூரையைப் பார்த்தார். ஷெரீஃப் தொப்பியால் வாயை மூடினார். மண்டபமே ஒரு பெரிய சிரிப்பை மூச்சைப் பிடித்து அடக்கிக்கொண்டிருந்தது. பாவம் ஆல்பினா முன்னால் எப்படிச் சிரிப்பது? திரையில் அந்த மனைவி இன்னொரு மடக்கு குடித்து, "அருமை" என்றாள்.

ஆல்பினா சிரித்துவிட்டாள். சிரிப்பு என்றால் புன்னகை இல்லை. மேஜையைப் பிடித்துக்கொண்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் கொட்டக் கொட்டச் சிரித்தாள். "அடியே, அந்தத் தொட்டியில ஊத்துடி" என்று திரையைப் பார்த்துக் கத்தினாள்.

அவ்வளவுதான். மூன்று வருஷமாகப் பூட்டி வைத்ததெல்லாம் அந்த மண்டபத்தில் உடைத்துக்கொண்டது. நாற்காலிகள் சாய்ந்தன. ஒருவர் முதுகில் ஒருவர் அடித்துக்கொண்டார்கள். ஷெரீஃபின் தொப்பி எங்கேயோ போய் விழுந்தது.

ஐயோவாக்காரர்கள் ஆறு பேரும் ஒன்றும் புரியாமல் விழித்தார்கள். கார்ல் லிண்ட்குவிஸ்ட் காபியை ஒரு மடக்கு குடித்துவிட்டு லூமிரிடம் குனிந்து, "எதுக்கு எல்லாரும் சிரிக்கிறாங்க?" என்று மெதுவாகக் கேட்டார்.

"விஷம் கொலாச்சியில இல்லங்க" என்றார் லூமிர், தெருவுக்கே கேட்கும்படி. "அது டிவிக்காரன் கதை. அந்தப் பய தெனம் காபியிலதான் கலந்து குடுத்தான்."

கார்ல் கோப்பையைப் பார்த்தார். வாயில் இருந்ததை விழுங்கலாமா என்று யோசித்தார். வேறு வழியில்லாமல் விழுங்கினார். பிறகு கோப்பையை நாற்காலிக்கு அடியில் தள்ளிவிட்டு, அங்கிருந்த தட்டை மடிக்கு எடுத்தார். ஒரு கொலாச்சியை எடுத்து இரண்டே கடியில் முடித்தார். அடுத்ததை எடுத்தார். அது முடிந்ததும், மனைவியின் தட்டில் மூடி வைத்திருந்ததையும் எடுத்துக்கொண்டார்.

அதைப் பார்த்து ஒருவர் எழுந்தார், பின்னால் பத்துப் பேர் எழுந்தார்கள். காபிக் கோப்பைகள் ஜன்னல் திண்டில் வரிசையாக அடுக்கப்பட்டன. மேஜையில் கூட்டம் முட்டி மோதியது. லூமிர் தடியை ஊன்றிக்கொண்டு ஆல்பினாவிடம் வந்து, கொலாச்சியை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து இப்படியும் அப்படியும் திருப்பினார்.

"ஆல்பினா, உண்மையச் சொல்லு. இதுல என்ன போட்டிருக்க?"

 அவளிடம் இப்படி ஒருவர் விளையாடி மூன்று வருஷம் ஆகிறது.

"சாப்பிட்டுட்டுப் படு. காலையில எந்திரிச்சா வந்து சொல்றேன்" என்றாள் ஆல்பினா.

லூமிர் முழுதாக வாயில் போட்டுக்கொண்டார். "எண்பத்திரண்டு ஆச்சு. போறதுன்னா இது வழியாப் போறதுதான் மரியாத" என்றார் வாய் நிறைய.

படம் மறுபடி ஆரம்பித்திருந்தது. யாரும் சத்தத்தைக் கூட்டவில்லை. நாய்க்கு இறுதிச் சடங்கு நடந்தபோது எல்லோரும் எழுந்து நின்று தொப்பியைக் கழற்றினார்கள். காபி விளம்பரம் மேலும் மூன்று தடவை வந்தது. ஒவ்வொரு தடவையும் மண்டபம் ஒரே குரலில் "தொட்டியில ஊத்து" என்று கூவியது. ஐயோவாக்காரர்களும் சேர்ந்துகொண்டார்கள். கார்லின் குரல்தான் எல்லோரையும்விடத் தடிமனாக இருந்தது.

ஜார்ஜீன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். உதட்டோரத்தில் கசகசா ஒட்டியிருந்தது. தலையைச் சாய்க்கவில்லை. இடுப்பில் கை வைத்துக்கொண்டு நேராக நின்றாள்.

"அறுபது டஜன் பத்தாது. எங்க சம்பந்தி ஒருத்தரே ஒரு டஜன் தின்னுட்டார். எண்பது போடு. கசகசாவுல கஞ்சத்தனம் பண்ணின, அப்புறம் நடக்கறதே வேற."

"எண்பதுன்னா ரெண்டு நாள் தூக்கம் போச்சு" என்றாள் ஆல்பினா.

"போகட்டும். வேற யாரு போடுவா?"

ஆல்பினாவுக்கு அப்போதுதான் நிஜமாக அழுகை வந்தது. அதற்குள் டானெட் வந்து பின்னாலிருந்து கட்டிக்கொண்டு, அவளை இழுத்துக்கொண்டு மேஜைகளுக்கு நடுவே போனாள். லூமிர் படம் முடிவதற்குக் காத்திருக்கவில்லை. அக்கார்டியனை இழுத்துவிட்டார். நாற்காலிகளை ஓரம் தள்ளினார்கள். ஆல்பினாவைக் கார்ல் ஒரு சுற்று சுற்றினார், ஷெரீஃப் ஒரு சுற்று சுற்றினார், விவசாய அதிகாரி காலை மிதித்துவிட்டு மன்னிப்புக் கேட்டுக்கொண்டே ஒரு சுற்று சுற்றினார். அவளுடைய ஒரு செருப்பு கழன்று மேடைக்கு அடியில் போய்விட்டது. மற்றதையும் கழற்றி எறிந்துவிட்டு ஆடினாள்.

மேடையில் டிவி தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் மேலே ஏறின. செருப்பைத் தேடிக் குனிந்த லவெர்ன் மட்டும்தான் அதைப் பார்த்தாள். இரண்டு தடவை படித்தாள்.

"ஆல்பினா, இங்க பாருடி" என்று பாட்டுக்கு மேலே கத்தினாள். "'ஆல்பினா வோந்த்ரா இன்று நெப்ராஸ்காவில் தனிமையில் அமைதியாக வாழ்ந்து வருகிறார்'னு போட்டிருக்கான்."

"யாரு?" என்று கத்தினாள் ஆல்பினா, அடுத்த சுற்றுக்குக் கையை நீட்டிக்கொண்டே.